பழம்புடவைப் போர்வை, குவில்ட், ஒட்டுத்துணி: இன்னும் உறுத்திக்கிட்டு இருக்கற ஒரு சந்திப்பைச் சொல்லுங்க

குத்தாலம்காரி

மயிலாடுதுறை – தஞ்சாவூர் பாசஞ்சர். மடியில குவில்ட் (ஒட்டுத்துணி மேல, வெறும் துணி கீழ, நடுவுல பஞ்சுத் தகடு வெச்சுத் தைக்கற போர்வை), அதை இழுத்துப் பிடிக்கற வளையம், கையில ஊசி. ஆடுதுறையில ஏறின ஒரு பாட்டி எதிர்ல உக்காந்து கொஞ்ச நேரம் பாத்தாங்க. அப்புறம் கேக்காமலே குவில்டை வாங்கித் திருப்பினாங்க. முன்பக்கத்து நட்சத்திரத்தையெல்லாம் கண்டுக்கவே இல்ல. பின்பக்கம் கட்டைவிரலால தடவிக்கிட்டே போயி, "முடிச்சே காணுமே ஆயி?"ன்னாங்க.

நாம எல்லாரும் பண்றதுதான், முடிச்சைச் சுண்டி நடுப் பஞ்சுக்குள்ள இறக்கறது. பெருமையா செஞ்சு காட்டினேன். அவங்க முகத்துல ஒரு மெச்சலும் இல்ல. "அப்ப பிரிக்கறப்போ என்ன பண்ணுவ?"

அவங்க வீட்டுல பழம்புடவைப் போர்வையைச் சில வருஷத்துக்கு ஒருதரம் பிரிப்பாங்களாம். நைஞ்ச மடிப்பை எடுத்துட்டு வேற புடவை வெச்சு மறுபடி தைப்பாங்களாம். முடிச்சு வெளிய தெரிஞ்சாதான் எங்கேர்ந்து பிரிக்கறதுன்னு கைக்குத் தெரியுமாம். கும்பகோணம் வந்துச்சு, எறங்கிட்டாங்க. பேர்கூட கேக்கல.

நான் தைக்கறது எதையாவது என்னைக்காவது யாராவது பிரிப்பாங்கன்னு அதுவரைக்கும் நெனச்சதே இல்ல.

ஊசிமுனை

நல்ல அனுபவம், ஆனா பாட்டி சொன்னதைக் கேட்டு யாரும் முடிச்சை வெளிய விட்டுடாதீங்க. அவங்களோடது வெறும் புடவை மேல புடவை, நடுவுல பஞ்சுத் தகடு கிடையாது. நீளநீளமா ஓட்டுத்தையல். பிரிச்சா பிரியும். நம்மளோடதுல பஞ்சு இருக்கு, அதைப் பிடிச்சு வைக்கறதே தையல்தான்.

எனக்கும் ஒரு தடவை இப்படித்தான். மன்னார்குடியில ஒரு தையல்கடைக்காரர் என் நூல்கண்டை மூக்குக்கிட்ட கொண்டுபோய் மோந்து பாத்து, "மெழுகு"ன்னு சொல்லித் திருப்பிக் குடுத்துட்டார். அவ்வளவுதான் என் கதை.

ஆனா அதுல விஷயம் இருக்கு. கைக்குவில்டிங்குக்குன்னு, அதாவது மூணு அடுக்கையும் சேத்துக் கையால தைக்கறதுக்குன்னு, வர்ற மெருகு போட்ட நூலை மெஷின்ல மாட்டாதீங்க, பூச்சு உரிஞ்சு, நூலை இறுக்கிப் பிடிக்கற டென்ஷன் தட்டுல அடைஞ்சுக்கும். நூல் நம்பர்ல இன்னமும் குழம்பறாங்க: 50 மெலிசு, 40 அதைவிடத் தடிமன். துண்டு இணைக்க 50 காட்டன் போதும், கால் அங்குலத் தையல் விளிம்பு படிஞ்சு உக்காரும். மேல தையல் தெரியணும்னா 40, இல்ல அதைவிடத் தடி. கைக்குவில்டிங் ஊசியும் அப்படித்தான், நம்பர் ஏற ஏற ஊசி குட்டை. 8-ல ஆரம்பிங்க, பழகினப்புறம் 10. எடுத்த எடுப்புல 12 வாங்கிட்டு விரல் வலிக்குதுன்னு வராதீங்க. பாலியஸ்டர் நூல் பருத்தித் துணியை அறுத்துடும்னு ஒரு பேச்சு இருக்கு. என் கண்ணுல அப்படி அறுத்தது எதுவும் பட்டதில்ல. மெஷின் குவில்டிங்குக்கு நான் அதைத்தான் போடறேன். அயர்ன் பாக்ஸை மட்டும் ரொம்பச் சூடா வைக்காதீங்க.

தேரடி

ஊசிமுனை, நீங்க நூல்ல இருக்கீங்க, எனக்கு மடிப்புலதான் பைத்தியம்.

கும்பகோணத்துல தேர்ச்சீலை தைக்கற ஒரு பெரியவர்கிட்ட ஒரு மத்தியானம் உக்காந்திருந்தேன். தொம்பைன்னு சொன்னா இங்க எல்லாருக்கும் தெரியும், தேர்ல உருளையா தொங்குமே, அது. செவப்புத் துணி மேல மஞ்சள்ல ஒரு யாளி. நாம அப்ளிக்கேக்கு, துணி மேல துணியை உருவமா வெட்டி வெச்சுத் தைக்கறதுக்கு, அட்டை வெட்டி, பசை தடவி, அயர்ன் பண்ணி என்னென்னவோ பண்றோம். அவரு ஊசி நுனியாலயே விளிம்பை உள்ள தள்ளித் தள்ளி தைச்சுக்கிட்டே போறார். யாளியோட நகத்துக்கு நகம் அப்படி.

திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோட 96 அடின்னு சொல்வாங்க. கீழேர்ந்து அண்ணாந்து பாக்கறவன் கண்ணுக்கு நகமா தெரியப் போகுது? கேட்டேவிட்டேன். "அவ்ளோ உசரத்துல இதை யாருங்க ஐயா பாக்கப் போறாங்க?"

தலை நிமிராம சொன்னார்: "மேல ஏறிக் கட்டறவன் பாப்பான்ல."

கூறைப்புடவை

தேரடி சார் சொன்னதைப் படிச்சதும் எங்க மயிலாடுதுறை கூட்டம் ஞாபகம் வந்துடுச்சு. மாசத்துக்கு ஒருதரம் யார் வீட்டுலயாவது கூடுவோம். ஒரு தடவை ஒரு அக்கா மாமியாரோட பழைய புடவைகளை வெட்டித் தைச்ச குவில்டை விரிச்சாங்க. அரக்குச் சாயம் ஓடி வெள்ளைக் கட்டமெல்லாம் ரோஸ்.

உடனே ஆரம்பிச்சுடுச்சு. ஒருத்தி உப்புத்தண்ணி, ஒருத்தி வினிகர், ஒருத்தி மொதல்லயே துணியை அலசியிருக்கணும்னு. அந்த அக்கா எல்லாரையும் ஒரு சுத்து பாத்துட்டு, "யாராச்சும் எந்திரிச்சு டீ போடுங்களேன்"ன்னாங்க. அதுக்கப்புறம் அந்தப் பேச்சே இல்ல. குவில்ட் மேலதான் எல்லாரும் உக்காந்து டீ குடிச்சோம். அவங்க அதைச் சரி பண்ணணும்னு கொண்டுவரலயோன்னு எனக்கு வீட்டுக்கு வந்தப்புறம்தான் தோணுச்சு.

ஊசிமுனை

உப்பு பத்தி யாரோ சொன்னாங்கன்னு போட்டிருக்கீங்க, அதை அப்படியே விட முடியாது. சாயத்தொட்டியில உப்பு போடறது சாயத்தை நூலுக்குள்ள தள்ளறதுக்கு. அங்க பிடிக்க வைக்கறது சலவைச் சோடா. சாயம் போட்டு முடிச்ச துணியை வீட்டுல உப்புத்தண்ணியில ஊறப்போட்டா ஒண்ணும் நிக்காது. வினிகர் பட்டுக்குப் போடற அமிலச் சாயத்துக்குத்தான் உதவும், பருத்திக்கு இல்ல. அரக்கு, நீலம், கருப்பு மூணையும் வெட்டறதுக்கு முன்னாடி வெந்நீர்ல அலசி, ஈரத்தோட ஒரு வெள்ளைத் துணியில வெச்சு அழுத்திப் பாக்கணும். ஓடினா தண்ணி தெளியற வரைக்கும் அலசணும். அப்பவும் தெளியலைன்னா வெள்ளையோட சேக்கக் கூடாது.

கூறைப்புடவை

சார், டீ போடச் சொன்னாங்கன்னுதானே எழுதியிருக்கேன்.

கோடியக்கரைக் காத்து

கஜா புயல் அடிச்சது 2018 நவம்பர் 16 விடியக்காலம். அது எப்படின்னு இங்க எழுதத் தேவையில்ல. ஒரு மாசம் கழிச்சு, எங்ககிட்ட இருந்த குவில்டையெல்லாம் மூட்டை கட்டி வேதாரண்யம் பக்கம் ஒரு தெருவுக்குக் கொண்டுபோனோம். மார்கழிப் பனி, பாதி வீட்டுக்குக் கூரை கிடையாது.

ஒரு அம்மாகிட்ட நான் கையால தைச்ச பெரிய குவில்டைக் குடுத்தேன். விரிச்சுப் பாத்தாங்க. ஒவ்வொரு கட்டமா தொட்டாங்க. அப்புறம் மடிச்சு, நனைஞ்சு துருப்பிடிச்ச டிரங்குப் பெட்டியில வெச்சு மூடிட்டு, திரும்பி உரச்சாக்குல உக்காந்துட்டாங்க. போத்திக்கங்கம்மான்னேன். "கண்ணு நோகத் தைச்சிருக்க, இதைப் போயி மண்ணுல போடச் சொல்றியே"ன்னு என்னையே திட்டினாங்க.

அதுலேர்ந்து குடுக்கறதுக்குத் தைக்கறதெல்லாம் மெஷின்லதான். பழுப்பு, கரும்பச்சை, அழுக்கு தெரியாத கலரு. பெரிய பெரிய துண்டு. கூட்டத்துல சில பேருக்கு இது பிடிக்கல, குடுக்கறதுன்னா மட்டமா தைக்கணுமான்னு கேக்கறாங்க.

தேரடி

நானும் அதைத்தான் கேப்பேன், கோவிச்சுக்காதீங்க. மண்ணுல போடற மாதிரி தைச்சாதான் போடுவாங்கன்னா, அப்ப நல்லது அவங்களுக்குக் கிடையவே கிடையாதா?

கோடியக்கரைக் காத்து

டிரங்குப் பெட்டிக்குள்ள இருக்கறது குளிருக்கு ஆவாது அண்ணே. நீங்க அந்தத் தெருவுல நின்னு பாத்திருந்தா கேக்க மாட்டீங்க.

திருவையாறு வடகரை

சண்டைக்கு நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். பஞ்சுத் தகடு விலை கட்டுப்படியாகல. எங்க தோட்டத்துல இலவமரம் இருக்கு, நடுவுல அதை வெச்சுத் தைக்கலாமா?

குத்தாலம்காரி

வேணாங்க. இலவம்பஞ்சு வழவழன்னு இருக்கும், ஒண்ணோட ஒண்ணு பிடிச்சுக்காது. ஒரே அலசல்ல மூலைக்கு மூலை உருண்டு திரண்டுடும். உறையில அடைச்சு மெத்தை, தலகாணிக்கு மட்டும்தான் அது சரி. நம்ம ஊர் வெக்கைக்கு நடுவுல ஒரு பழைய பருத்திப் போர்வையே போதும். நல்லா துவைச்சுச் சுருங்கினதா பாத்து எடுத்துக்கங்க.