மது தண்டவதே பற்றிப் பள்ளிக் கண்காட்சி: எதை வைக்கலாம், எதை விடணும்?

குன்னூர் டீச்சர்
எல்லாருக்கும் வணக்கம். எங்க பள்ளிக் கண்காட்சியில "வகுப்பறையிலிருந்து நாடாளுமன்றம்"னு ஒரு பகுதி. எட்டாம் வகுப்புக்கு மது தண்டவதே வந்திருக்கு. ஆறு சார்ட், ஒரு மேசை, பேச பத்து நிமிஷம். இயற்பியல் பேராசிரியர், ரயில்வே அமைச்சர், ரயில்ல மூன்றாம் வகுப்பை ஒழிச்சவர். இவ்வளவுதான் இப்ப கையில இருக்கு. உறுதியான தகவல் மட்டும் வேணும். மலையில இருக்கிற பிள்ளைங்களுக்குப் பிடிபடுற மாதிரி ஏதாவது இருந்தா இன்னும் நல்லது.

லவ்டேல் ரயில்
டீச்சர், முதல்ல அந்த "மூன்றாம் வகுப்பை ஒழிச்சவர்"ஐ அடிச்சிடுங்க. மூன்றாம் வகுப்பு போனது 1974ல. தண்டவதே ரயில்வே அமைச்சர் ஆனது 1977ல, மொரார்ஜி தேசாய் அமைச்சரவையில. இந்தத் தப்பு ஏன் வருதுன்னா, 1974ல பலகைதான் மாறிச்சு, அதுவும் பெட்டிக்கு வெளியே மாட்டியிருந்த பெயர்ப்பலகை மட்டும். உள்ளே படுக்கிற பலகை அதே வெறும் மரம். அந்த மரத்து மேல 2 அங்குல நுரை மெத்தை போட வெச்சவர்தான் இவர். முதல் வகுப்புல எதையும் பிடுங்கல, இரண்டாம் வகுப்பை உயர்த்தினார்.

நீங்க கேட்ட மலை விஷயம் இங்கேயே இருக்கு. மேட்டுப்பாளையத்துல ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஸ்லீப்பர்ல ஏறிப் படுத்து, காலையில சென்னையில முதுகுவலி இல்லாம இறங்குறாங்கல்ல, அந்த மெத்தைக்குத் தொடக்கம் அவர் காலம்தான். ஒரே நாள்ல எல்லா வண்டிக்கும் வந்துடல, நாடு முழுக்கப் பரவப் பல வருஷம் ஆச்சு. 1977 டிசம்பர்ல பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் நடுவுல விட்ட கீதாஞ்சலி எக்ஸ்பிரஸ் தனி சார்ட்டுக்குத் தகும். முதல் வகுப்பே இல்லாத வண்டி அது.

இன்னொண்ணு: 1974 மே மாச ரயில்வே வேலைநிறுத்தத்துல வேலை போனவங்களைத் திரும்பச் சேர்த்ததும் இவர் அமைச்சரா இருந்தப்பதான். மெத்தை அளவுக்கு இது யார் நினைவுலயும் நிக்கல, ஆனா எனக்கு இதுதான் பெரிசு.

மலை ரயிலை மட்டும் இவர் கணக்குல எழுதிடாதீங்க. குன்னூர் வரைக்கும் 1899லயே வந்தாச்சு, யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தது 2005ல.

கோத்தகிரி வாசகன்
வாழ்க்கைக் குறிப்புக்கு இதை எடுத்துக்குங்க. பிறந்தது 1924 ஜனவரி 21, அகமத்நகர். படிச்சது இயற்பியல். அம்பேத்கர் தொடங்கின மக்கள் கல்விக் கழகத்தோட சித்தார்த் கல்லூரியில, பம்பாயில, ஆசிரியர். அங்கேயே துணை முதல்வர் வரைக்கும் போனார். அரசியல் அதுக்குப் பிறகு வந்ததுன்னு நினைச்சிடக் கூடாது. பாடம் நடத்திக்கிட்டே சோஷலிஸ்ட் கட்சியில இருந்தவர், 1955ல கோவா விடுதலைச் சத்தியாகிரகத்துல அடிவாங்கினவர்.

1971ல மகாராஷ்டிராவுல ராஜாபூர் தொகுதி எம்.பி. 1977, 80, 84, 89 எல்லாத்துலயும் அங்கேயே ஜெயிச்சார். இந்திரா காந்தி கொலைக்குப் பிறகு காங்கிரசுக்கு அடிச்ச 84 அனுதாப அலையிலயும் நின்னார்ங்கிறதுதான் கவனிக்க வேண்டியது. 1991ல தோத்தார். பிள்ளைங்க இன்னிக்கு வரைபடத்துல ராஜாபூர் மக்களவைத் தொகுதியைத் தேடினா கிடைக்காது. தொகுதி மறுசீரமைப்புக்குப் பிறகு ரத்னகிரி–சிந்துதுர்க். பழைய பெயரையும் புதுப் பெயரையும் சேர்த்தே எழுதுங்க.

நெருக்கடி நிலை வந்தப்ப, 1975 ஜூன்ல, நாடாளுமன்றக் குழு வேலையா பெங்களூர்ல இருந்தார். வாஜ்பாய், அத்வானியோட சேர்த்து அங்கேயே கைது. மனைவி பிரமிளா எரவாடா சிறையில. அவங்களும் 1980ல எம்.பி ஆனாங்க, அதைச் சேர்க்க மறந்துடாதீங்க.

2005 நவம்பர் 12 காலமானார். உடலை மும்பை ஜே.ஜே. மருத்துவமனைக்குக் கொடுத்தாங்க.

ஊட்டி மஞ்சூர்
பேராசிரியர்னு சொன்னாலே நமக்கு அன்பழகன்தானே? பச்சையப்பன் கல்லூரித் தமிழ்த்துறை, 1957ல எழும்பூர் எம்.எல்.ஏ., 67ல திருச்செங்கோடு எம்.பி., 71ல சுகாதாரத்துறை, பின்னாடி கல்வி, நிதி. வீட்டுப் பக்கத்து ஆளை விட்டுட்டு மகாராஷ்டிராவுக்கு ஏன் போறீங்க?

குன்னூர் டீச்சர்
அவரை ஒன்பதாம் வகுப்பு எடுத்துக்கிட்டாங்க சார். எங்களுக்கு மிச்சம் இருந்தது இது. தண்டவதேயும் நிதி அமைச்சரா இருந்தாராமே, அது சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்ற மாதிரி இருக்குமா?

கோத்தகிரி வாசகன்
வி.பி. சிங் ஆட்சியில, 1989 டிசம்பர்லருந்து ஒரு வருஷம் கூட முழுசா இல்ல. சொல்ல ஒண்ணு உண்டு: 1968ஆம் வருஷத்துத் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 1990ல ரத்து பண்ணினாங்க. அந்தச் சட்டப்படி சாதாரண ஆள் கட்டித் தங்கம் வெச்சிருக்கக் கூடாது, பொற்கொல்லருக்கும் சான்றிதழ் வேணும். தடை இருந்ததால கடத்தல் பெருகினது, அதான் எடுத்தாங்க. நகைக்கடைக்குப் போயிருக்கிற எந்தப் பிள்ளைக்கும் இது புரியும். பற்றாக்குறை, அந்நியச் செலாவணிப் பக்கம் போகாதீங்க, பத்து நிமிஷம் அதுலயே கரைஞ்சிடும்.

கொங்கண் ரயிலுக்கு அரைச் சார்ட் போதும். ராஜாபூரே கொங்கண் பகுதிதான், அவர் விடாமக் கேட்டது. ஆனா "அவர் கட்டினார்"னு எழுதாதீங்க. நிறுவனம் 1990ல வந்தப்ப ரயில்வே அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸ், கட்டி முடிச்சது பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில, முழுப் பாதையும் திறந்தது 1998ல. 1990ல தண்டவதே நிதி அமைச்சர்.

வெலிங்டன் தச்சு
மேசைக்கு ஒரு யோசனை. ஆறடிக்கு இரண்டடி பிளைவுட் பலகை ஒண்ணு, 18 மி.மீ. கனம். குறுக்கே பாதியாப் பிரிச்சு ஒரு பக்கம் வெறும் பலகை, மறுபக்கம் 2 அங்குல ஃபோம். வந்தவங்களை ரெண்டு பக்கமும் உட்கார வெச்சா பாதிப் பேச்சு மிச்சம். மெத்தைக் கடையில கெட்டி ஃபோமா கேட்டு வாங்குங்க. சாதா சோபா ஃபோம் ரெண்டு பேர் உட்கார்ந்ததும் பலகையைத் தொட்டுடும், அப்புறம் வித்தியாசமே தெரியாது. மேலே ரெக்சின் இழுத்து, பலகையின் அடியில ஸ்டேப்ளர் அடிங்க. முதல்ல நடுவுல அடிச்சிட்டு ரெண்டு ஓரத்துக்கும் போகணும், ஓரத்துலருந்து ஆரம்பிச்சா சுருக்கம் விழும்.

ஃப்ளெக்ஸ், தெர்மாகோல் வேண்டாம். மாவட்டத்துல பிளாஸ்டிக் கெடுபிடி தெரிஞ்சதுதான். காடாத் துணியில பெயிண்ட் போதும். மழைக்காலமா இருந்தா சார்ட்டைச் சுவர்ல டேப் போட்டு ஒட்டாதீங்க, ஈரத்துல காலைக்குள்ள கழண்டு தொங்கும். அட்டையில நாலு பக்கமும் பசை தடவி ஒட்டி, முந்தின ராத்திரி கனமான புத்தகத்துக்கு அடியில வெச்சா நெளியாது. ஸ்கெட்ச் பேனாவும் ஈரத்துக்கு ஊறும், பெர்மனன்ட் மார்க்கர் வாங்கிக்குங்க.