போடிமெட்டு ஏற்றத்துக்குப் பழைய ஜெனான் 2.2: ரீமேப் பண்ணலாமா, பாக்ஸ் போடலாமா?

மெட்டுலோடு (கேள்வி):
அண்ணன்மாருக்கு வணக்கம். வண்டி 2012 டாடா ஜெனான் 2.2 டைகார், டபுள் கேப், 1.9 லட்சம் கிலோமீட்டர். போடியில் இருந்து மெட்டு ஏறிப் பூப்பாறை, வாரத்துக்கு நாலு நடை. ஏறும்போது உரம், அரிசி 500 கிலோ, இறங்கும்போது ஏலக்காய் மூட்டை. முன்னே லிட்டருக்கு 11.5 கொடுத்தது, இப்போ 9.5. கொண்டை ஊசியில் செகண்டில் திரும்பினால் 1500 ஆர்.பி.எம்.க்குக் கீழே இழுவையே இல்லை, ஃபர்ஸ்ட் போட வேண்டியிருக்கு. செக் என்ஜின் லைட் எரியலை. ஆறு மாசம் முன்னாடி டயர் 235/70 ஆர்16-ல் இருந்து 245/75 ஆர்16-க்கு மாறியாச்சு.
ரீமேப் (என்ஜின் கம்ப்யூட்டரில் இருக்கிற டீசல், பூஸ்ட் கணக்கை மாத்தி எழுதுறது) பண்ணினா 180 குதிரைத்திறன், மைலேஜும் 3 கூடும் என்று ஒரு கடையில் சொல்றாங்க. இன்னொரு கடையில் ரெயில் சென்சாரில் (இன்ஜெக்டருக்குப் போற டீசல் அழுத்தத்தை அளக்கிறது) மாட்டுற பாக்ஸ் போதும், விலையும் கம்மி என்கிறாங்க. எதை நம்பலாம்?

டர்போகைப்பக்குவம்:
தம்பி, முதல்ல டயர் கணக்கை முடிச்சுடுவோம். பழைய டயர் விட்டம் 735 மி.மீ., புதுசு 774. 5 சதவீதம் கூட. மீட்டர் 100 காட்டும்போது வண்டி 105 ஓடியிருக்கு. அப்போ உங்க 9.5 உண்மையில் 10. அதே 5 சதவீதம் இழுவையில் குறையும், கொண்டை ஊசியில் அது நல்லாவே தெரியும். பழைய சைஸுக்குத் திரும்பினா பாதி வருத்தம் போகும்.

மீதி 1.5 எங்கே போச்சுன்னு கண்டுபிடிக்காம கம்ப்யூட்டரில் கை வைக்காதீங்க. 1500-க்குக் கீழே செத்துப் போறது இந்த வண்டியில் பெரும்பாலும் டர்போ வேன் (டர்போவுக்குள்ளே புகையைத் திருப்புற சின்னத் தகடுகள்) கரி பிடிச்சுத் திறந்தபடி நிக்கிறதால்தான். வேக்குவம் கைப்பம்பை ஆக்சுவேட்டரில் (ராடை இழுத்து வேனை அசைக்கிற டப்பா) மாட்டி மெதுவா இழுங்க. ராடு விக்காம, ஒரே சீரா முழு தூரமும் போகணும், விட்டதும் திரும்பணும். நடுவில் நின்னு நின்னு குதிச்சா உள்ளே கரி. ராடு சரின்னா வேக்குவம் பைப்பை வளைச்சுப் பாருங்க. சூட்டில் காய்ந்த பைப் வளைவில்தான் வெடிச்சிருக்கும், நேரா இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது.

அடுத்து இன்டர்கூலர் ஹோஸ். ஏர்ஃபில்டர் பக்கத்து வாயை ஒரு மூடியால அடைச்சு, மூடியில் டியூப் வால்வு வச்சு 1 பார் காத்து மட்டும் விடுங்க, அதுக்கு மேல வேண்டாம். ஒவ்வொரு கிளாம்ப்லயும் சோப்புத் தண்ணி. ஹோஸ் அடியில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து கறுப்பா இருந்தா கசிவு அங்கேதான். காத்து கசிஞ்சா டர்போ கூட உழைக்கும், டீசலும் கூடப் போகும்.

இன்ஜெக்டர் ரிட்டர்ன் டெஸ்டும் பண்ணிடுங்க. இன்ஜெக்டரில் இருந்து டேங்குக்குப் போற ரிட்டர்ன் வாயை மட்டும் அடைச்சுட்டு, நாலு இன்ஜெக்டருக்கும் ஒரே நீளத்தில் டியூப் போட்டு நாலு பாட்டிலில் விடுங்க. என்ஜின் சூடான பிறகு ஐடிலில் 3 நிமிஷம். ஒரு பாட்டில் மட்டும் மத்ததைவிட இரண்டு மடங்கு நிரம்பினா அந்த இன்ஜெக்டர் போச்சு. என்ஜின் ஓடும்போது ஹை பிரஷர் பைப் நட்டை மட்டும் தொடவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலுக்குள்ளேயே பாயும்.

மேப்பும்மலையும்:
மேலே அண்ணன் சொன்னதோடு தெர்மோஸ்டாட்டையும் பாருங்கள். ஓ.பி.டி. ரீடரில் (வண்டியின் சாக்கெட்டில் செருகி என்ஜின் அளவுகளைப் படிக்கும் கருவி) கூலன்ட் 80 டிகிரிக்கு மேல் நிற்க வேண்டும். 65-லேயே ஓடினால் இ.சி.யூ. (என்ஜின் கம்ப்யூட்டர்), என்ஜின் குளிராக இருப்பதாக நினைத்துக் கூடுதல் டீசல் விடும். லைட் எரியாது.

பாக்ஸ் வேண்டவே வேண்டாம். அது ரெயில் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டி இ.சி.யூ.வை ஏமாற்றுகிறது. இ.சி.யூ. பம்பை மேலும் முடுக்கும், நிஜ அழுத்தம் ஏறும், ஒவ்வொரு முறையும் கணக்குக்கு மீறிய டீசல் உள்ளே போகும். வந்த காற்றுக்கு இவ்வளவு டீசல்தான் என்று கட்டுப்படுத்தும் ஸ்மோக் லிமிட்டருக்கு இந்தக் கூடுதல் தெரியவே தெரியாது. பம்பும் இன்ஜெக்டரும்தான் விலை கொடுக்கும்.

ரீமேப் சரியான வழி, ஆனால் 180 வேண்டாம். கம்பெனி அளவு 140 குதிரைத்திறன், 320 நியூட்டன் மீட்டர். 1.9 லட்சம் ஓடிய வண்டிக்கு 155, 360 போதும். உங்களுக்கு வேண்டியது 1700 முதல் 2700 வரை உள்ள இழுவை, உச்ச வேகம் இல்லை. 1500-க்குக் கீழே டர்போவிடம் காற்றே இல்லை. அங்கே டீசலைக் கூட்டினால் கரும்புகை வரும், பேரிங்கும் கிளட்சும் அடி வாங்கும், வண்டி நகராது.

சமவெளியில் ஓட்டிப் பார்த்து மேப் போடுகிறவர்கள் தவறவிடுவது உயரம். மெட்டு போடி டவுனைவிட ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் மேலே. போடியில் காற்றழுத்தம் 0.97 பார் என்றால் மேலே 0.86. மேப்பில் பூஸ்ட் (டர்போ அமுக்கித் தரும் காற்றழுத்தம்) இலக்கு, வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து, 2.3 பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே டர்போ காற்றை 2.4 மடங்கு அமுக்கினால் போதும். மேலே அதே 2.3-க்கு 2.7 மடங்கு அமுக்க வேண்டும். டர்போ சுழலும் வேகம் எல்லை தாண்டும், காற்று இன்னும் சூடாகும், ஷாஃப்ட் ஆடத் தொடங்கும். அதனால் உயரத்துக்கு ஏற்ப பூஸ்ட்டைக் குறைக்கும் டேபிளை (மேப்பில் உள்ள அட்டவணை) தொடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்படி ஒரு டேபிள் இருப்பதே தெரியாதவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

மைலேஜ் 3 எல்லாம் ஏறாது. அரை கிலோமீட்டர் கூடினாலே நல்ல மேப். அதுவும் ஒரு கியர் மேலே வைத்து ஓட்ட முடிவதால் கிடைப்பது.

மெட்டுலோடு:
நன்றி அண்ணே. பார்த்தாச்சு. ராடு பாதியில் விக்குது. இன்டர்கூலர் கீழ் ஹோஸ் கிளாம்ப்பில் சோப்பு நுரை வந்தது. ரிட்டர்ன் நாலும் சமம். கூலன்ட் 84. டர்போவைக் கழற்றிக் கரி எடுத்து, ஹோஸ் மாத்தின பிறகு 1600-லேயே இழுக்குது. பழைய டயரும் போட்டாச்சு. மூணு டேங்க் கணக்கு 11.2. இனி ரீமேப் தேவையா? பண்ணினால் கடையில் என்ன கேட்கணும்?

டர்போகைப்பக்குவம்:
என்னைக் கேட்டா இதோட நிறுத்திடலாம் தம்பி. பண்ணித்தான் ஆகணும்னா கிளட்ச் முதல்ல. லோடோட நாலாவது கியரில் 1800-ல் ஆக்சிலேட்டரை முழுசா மிதிங்க. ஆர்.பி.எம். ஏறி வேகம் ஏறலைன்னா கிளட்ச் வழுக்குது, 360-ஐத் தாங்காது.

மேப்பும்மலையும்:
ஒரிஜினல் ஃபைலை முழுதாகப் படித்து, அதன் நகலை உங்கள் பென் டிரைவில் வாங்கிக்கொண்ட பிறகுதான் எழுத விடுங்கள். ஏற்கெனவே வைத்திருக்கும் வேறு வண்டி ஃபைலை ஏற்றுகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். எழுதும் நேரம் முழுக்க பேட்டரியில் 13 வோல்ட்டுக்குக் குறையாமல் சப்ளை மாட்டியிருக்க வேண்டும். பாதியில் வோல்ட் இறங்கினால் இ.சி.யூ. செத்துவிடும், பெஞ்சில் வைத்துத்தான் எழுப்ப வேண்டும். ஈ.ஜி.ஆரை (புகையில் ஒரு பங்கை மறுபடி என்ஜினுக்குள் விடும் வால்வு) மூடச் சொல்லாதீர்கள், கரி எடுத்தால் போதும்.

புகை டர்போவுக்குள் நுழைவதற்கு முன்னால் உள்ள குழாயில் கே-டைப் தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் சென்சார்) வைத்து மீட்டர் போடுங்கள். லோடோடு மெட்டு ஏறும்போது தொடர்ந்து 750 டிகிரியைத் தாண்டினால் டீசலைக் குறைக்கச் சொல்லித் திருப்பிக் கொடுங்கள். புகைச் சோதனையில் புகை அடர்த்திக்கு பி.எஸ்.3 வண்டிக்கு எல்லை (மீட்டருக்கு) 2.45, பி.எஸ்.4-க்கு 1.62. எழுதிய அன்றே சோதித்துவிடுங்கள். கேரளப் பக்கம் கறுப்புப் புகையோடு போனால் வழியிலேயே நிறுத்துவார்கள். என்ஜின் திறன் ஆர்.சி.யில் உள்ளதில் இருந்து மாறினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவும் வரும், இன்ஷூரன்ஸும் கைவிடலாம். தெரிந்தே இறங்குங்கள்.

ரீமேப் போட்டாலும் போடாவிட்டாலும், லோடோடு மெட்டு ஏறி டீக்கடையில் நிறுத்தும்போது சாவியை உடனே திருப்பாதீர்கள். 2 நிமிடம் ஐடிலில் விடுங்கள். சூடான டர்போவில் எண்ணெய் ஓட்டம் நின்றால் அது அங்கேயே கரியாகும்.