லெனோவோ திங்க்பேட் டி480 லேப்டாப் வெச்சிருக்கறவங்க வாங்க, பின்னாடி பேட்டரி கழட்டி மாட்டின கதை, பண்ணின மாடிஃபிகேஷன் எல்லாம் இங்க கொட்டுங்க

மிட்ராண்ட்_நைட்ஷிஃப்ட்

நேரா விஷயத்துக்கு வரேன். 2023, இங்க தென்னாப்பிரிக்காவுல லோட் ஷெடிங்னு முறை வெச்சு கரண்டை நிறுத்தறது ஸ்டேஜ் 6 வரைக்கும் போயிருந்த நேரம், எங்க ஏரியாவுக்கு ராத்திரி ஸ்லாட். ரவுட்டருக்கு மினி யூபிஎஸ் இருந்ததால நெட் இருக்கு, ஆனா கரண்டு எப்ப வரும்னு தெரியாது, ரெண்டு மணி நேரம்னு போட்டிருப்பான், வரும்போது ஏதாவது ட்ரிப் ஆகி இன்னும் இழுக்கும். கிளையன்ட் காலில் இருக்கேன், ப்ரொடக்‌ஷன்ல மாத்திட்டு இருக்கோம், பாதில நிறுத்த முடியாது. டி480ல உள்ள ஒண்ணு, கழட்டற மாதிரி வெளில ஒண்ணுன்னு ரெண்டு பேட்டரி; வெளி பேட்டரி 5%க்கு வந்துடுச்சு. இன்னொரு 48 வாட்-அவர் பேட்டரி சார்ஜ் பண்ணி டிராயர்ல வெச்சிருந்தேன்.

போன் டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு, லேப்டாப்பை மடி மேல லேசா சாய்ச்சு, அடில இருக்கற அந்த ரெண்டு லாட்ச், ஒண்ணு தள்ளினா அப்படியே நிக்கும், இன்னொண்ணு ஸ்பிரிங், அதைப் புடிச்சுக்கிட்டே இழுக்கணும், தெரியும்ல. கழண்டு கையில வந்துடுச்சு. ஸ்க்ரீன் அணையல. அந்தப் பக்கம் பேசிட்டு இருந்தவர் பேசிட்டே இருக்கார், ஒரு சொல்லு கூட விட்டுப்போகல. உள்ள இருக்கற 24 வாட்-அவர்ல மொத்த மெஷினும் நிக்குது, என் கையில பேட்டரி சூடா இருக்கு. புதுசை உள்ள தள்ளினதும் "டக்"னு ஒரு சத்தம். அவ்ளோதான். வேலை முடிஞ்சுது.

இப்ப கம்பெனில மெலிசான புது மெஷின் குடுத்திருக்காங்க, நல்லாத்தான் இருக்கு, ஆனா பேட்டரி உள்ள ஒட்டினது. ஷெடிங் 2024 மார்ச்சுக்கு அப்புறம் பெரும்பாலும் நின்னுடுச்சு, அதனால யாரும் கேக்கறதில்ல. எனக்கு மட்டும் அந்த ராத்திரி மனசை விட்டுப் போக மாட்டேங்குது. இந்த மாதிரி ஓடும்போதே பேட்டரி மாத்தற லேப்டாப் இப்ப யாராவது பண்றாங்களா?

சாட்ஸ்வர்த்_தமிழ்வகுப்பு

என்னோடதும் டி480தான், ஆனா என் கதை கீபோர்ட். இங்க டர்பன் சாட்ஸ்வர்த்ல வாரக்கடைசி தமிழ் வகுப்புல அதைத்தான் நடுவுல வெச்சுப் பாடம் எடுக்கறேன். தமிழ்99ங்கற தமிழ் கீபோர்ட் அமைப்புக்கு ஸ்டிக்கர் ஒட்டினேன், முதல்ல ஒட்டினது முழுக் கீயையும் மூடற கருப்பு ஸ்டிக்கர், பேக்லைட் சுத்தமா மறைஞ்சு போச்சு, கரண்டு போன நேரத்துல ஒண்ணும் தெரியல. அப்புறம் ஒளி ஊடுருவற வகை, மூலைல மட்டும் எழுத்து இருக்கறது, அதைத் தேடி வாங்கி மாத்தினேன். இப்ப இங்கிலீஷும் தெரியுது, தமிழும் தெரியுது, இருட்டுலயும் தெரியுது.

புரட்டாசிக்கு முன்னாடி கோயில் அறிவிப்பு டைப் பண்ணணும்னு ஒரு பாட்டி வந்தாங்க. நாலு தலைமுறையா இங்கயே இருக்கற குடும்பம், வீட்ல தமிழ் பேச்சு கொஞ்சம்தான், பாட்டு மட்டும் நல்லா தெரியும். இடது கைல உயிரெழுத்து, வலது கைல மெய்னு சொல்லிக் குடுத்தேன், க ரெண்டு தடவை அடிச்சா புள்ளி தானா விழும்னு காட்டினேன். அவங்க ஒவ்வொரு விரலா வெச்சு வெச்சு அடிச்சுட்டு, "ழ எங்கம்மா இருக்கு?"ன்னு கேட்டாங்க. வலது ஓரத்துல, சாய்கோடு போட்ட கீயில இருக்கு. அதை அமுக்கினதும் ஸ்க்ரீன்ல ழ வந்துச்சு, அவங்க அந்த எழுத்தையே பாத்துக்கிட்டு இருந்தாங்க, அடுத்த எழுத்துக்குப் போகவே இல்ல. நானும் அவசரப்படுத்தல.

இன்னொண்ணு, இடது மூலைல கன்ட்ரோல் இருக்கற இடத்துல எஃப்என் இருக்கறது வகுப்புல எல்லாருக்கும் தொல்லை, காப்பி பண்ணினா காப்பி ஆகாது. மெஷின் ஆன் ஆகும்போது வர்ற பயாஸ் செட்டிங்குக்குள்ள போய் ரெண்டையும் மாத்திக்கற ஆப்ஷன் இருக்கு, அதை ஆன் பண்ணிட்டேன். புதுசா வாங்கறவங்க முதல்ல இதைப் பண்ணுங்க.

ரேண்ட்பர்க்_பொறியாளர்

மிட்ராண்ட் தம்பி, கதை அருமை, ஆனா ஒண்ணு கேக்கறேன், அந்த ஸ்பேர் பேட்டரியை 100%ல டிராயர்ல எவ்வளவு நாள் வெச்சிருந்தீங்க? எல்லாரும் பண்றது இதுதான். லித்தியம் பேட்டரியை ஃபுல் சார்ஜ்ல, அதுவும் சூட்டுல வெச்சா கெபாசிட்டி குறையும், அது கெமிஸ்ட்ரி. என் அனுபவம் சின்னது: என்கிட்ட 72 வாட்-அவர் பெருசு இருந்துச்சு, அடில புடைச்சிக்கிட்டு நிக்கும்ல அதான், ஷெடிங் பயத்துல எப்பவும் ஃபுல்லாவே வெச்சிருந்ததுல ஒரு நாள் 40% காட்டிட்டு இருந்தது நேரா 7%க்கு விழுந்துச்சு, கண் முன்னாடி.

அதனால சொல்றேன். விண்டோஸ்ல லெனோவோவோட வேன்டேஜ் ஆப்ல சார்ஜ் த்ரெஷோல்ட், அதாவது எத்தனை சதவீதத்துல சார்ஜ் ஆரம்பிக்கணும், நிறுத்தணும்ங்கற வரம்பு இருக்கு, லினக்ஸ்ல அதுக்கு டிஎல்பிங்கற டூல். ரெண்டு பேட்டரிக்கும் தனித்தனியா வைக்கலாம். உள்ள இருக்கறதுக்கு 75ல ஆரம்பிச்சு 80ல நிறுத்து, வெளி பேட்டரிக்கும் அதே. ஸ்பேரை எடுத்து வைக்கறதுன்னா பாதி சார்ஜ்ல, குளிர்ந்த இடத்துல. ஷெடிங் அட்டவணை பாத்துட்டு அன்னிக்கு மட்டும் த்ரெஷோல்டை எடுத்துட்டு 100க்கு ஏத்து. மெஷின் முதல்ல வெளி பேட்டரியைத்தான் குடிக்கும், உள்ள இருக்கறது கடைசில, அதனாலதான் மாத்தும்போது அணையாம நிக்குது; உள் பேட்டரி செத்துப் போன மெஷின்ல இந்த வித்தையைப் பண்ணினா பட்டுனு அணைஞ்சுடும். செகண்ட் ஹேண்ட் வாங்கறவங்க கடைலயே கழட்டிப் பாத்து வாங்குங்க. அப்புறம் தண்டர்போல்ட் ஃபர்ம்வேர் அப்டேட் போட்டுட்டீங்களா எல்லாரும்? 2017ல இருந்து 2019 வரைக்கும் வந்த பல திங்க்பேட் மாடலுக்கு அது கட்டாயம், போடலன்னா யூஎஸ்பி-சி போர்ட் ஒரு நாள் சார்ஜே ஏத்தாமப் போகலாம்.

மெரிபேங்க்_கடல்காத்து

ரேண்ட்பர்க் அண்ணா, அட்டவணை பாத்து 100க்கு ஏத்துன்னு சொல்றீங்க, ஸ்டேஜ் 6ல அட்டவணை மதியம் ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு, அதைப் பாத்துட்டு உக்காந்திருந்தா யார் வேலை பாக்கறது? எங்க வீட்ல அந்த வருஷம் முழுக்க 100தான். பேட்டரி போனா வேற வாங்கிக்கலாம்.

என் கதை டீ. ஃபுல் கப், இஞ்சி டீ, சர்க்கரை போட்டது, தங்கச்சி பையன் கை பட்டு அப்படியே கீபோர்ட் நடுவுல. நான் கத்தறதுக்குள்ள மேஜைக்கு அடில சொட்டுச் சொட்டா டீ விழுது, லேப்டாப்போட அடிப்பக்கத்து ஓட்டை வழியா. அதுக்குன்னே கீபோர்டுக்குக் கீழ வடிகால் வெச்சிருக்காங்க, படிச்சிருக்கேன், ஆனா கண்ணால பாத்தது அன்னிக்குத்தான். பவரை அமுக்கி அணைச்சு, பின் பேட்டரியைக் கழட்டி, ஒரு டவல் மேல குப்புறக் கவுத்து வெச்சேன். கீபோர்ட் மட்டும் பிசுபிசுன்னு ஆகி 'கே'யும் 'எல்'லும் ஒட்டிக்கிச்சு, கீபோர்ட் வாங்கி மாத்தினேன். போர்டுக்கு ஒண்ணும் ஆகல. அந்த மெஷின்லதான் இதை டைப் பண்றேன்.

ரேண்ட்பர்க்_பொறியாளர்

தம்பி, 2022 ஏப்ரல் வெள்ளத்துக்கு அப்புறம் உங்க டர்பன் பக்கம் ரொம்ப நாள் ஷெடிங்ல இருந்து விலக்கு குடுத்திருந்தாங்க, மறந்துடாதீங்க. நாங்க இங்க ஜோஹன்னஸ்பர்க் பக்கம் முழுசா அனுபவிச்சோம். பேட்டரி போனா வாங்கிக்கலாம்னு சொல்றீங்க, ஒரிஜினல் இப்ப எங்க கிடைக்குது? வர்றதெல்லாம் டூப்ளிகேட், மேல 72ன்னு எழுதியிருப்பான், உள்ள அதுல பாதி கூட இருக்காது.

மெரிபேங்க்_கடல்காத்து

விலக்கு இருந்துச்சுன்னா எதுக்கு அண்ணா? சப்ஸ்டேஷனே வெள்ளத்துல போயிடுச்சு, தண்ணி இல்ல, ரோடு இல்ல. அதை ஒரு சலுகை மாதிரி பேச வேண்டாம். பேட்டரி டூப்ளிகேட் விஷயத்துல நீங்க சொல்றது சரி.

ரியூனியன்_சாந்த்ஆந்த்ரே

ரியூனியன் தீவுல இருந்து எழுதறேன். சாட்ஸ்வர்த் அக்காவுக்கு: எங்க லேப்டாப் எல்லாம் அஸெர்ட்டி, அதாவது பிரெஞ்சு கீபோர்ட், அதனால தமிழ்99 போட்டா 'அ' வர்றது கியூ எழுத்து போட்ட கீயில. இடம் ஒண்ணுதான், மேல எழுதியிருக்கறதுதான் வேற. ஸ்டிக்கர் ஒட்டாம பழகறது எங்க புள்ளைங்களுக்கு ரொம்ப கஷ்டம், அந்த ஒளி ஊடுருவற ஸ்டிக்கர் எங்க வாங்கினீங்கன்னு சொல்லுங்க.

என்கிட்ட இருக்கறது டி480 இல்ல, அலுமினியம் பாடி லேப்டாப், பேர் வேண்டாம். சார்ஜ்ல இருக்கும்போது மணிக்கட்டை மேல வெச்சா சுருக் சுருக்குன்னு ஒரு உணர்ச்சி, எறும்பு ஊர்ற மாதிரி. பொண்ணு தொட்டுட்டு கையை வெடுக்குன்னு எடுத்துட்டா, அதுல இருந்து அவ அந்த லேப்டாப் பக்கமே வரல, அதுதான் எனக்கு ஆறல. காரணம் அடாப்டருக்குள்ள இருக்கற சின்ன கெபாசிட்டர் வழியா கசியற கரண்டு, ரொம்ப கம்மி, எர்த் இல்லாததால உடம்பு வழியா போகுது. ரெண்டு பின் பிளக்கை எடுத்துட்டு எர்த் இருக்கற மூணு பின் வயர் போட்டேன், நின்னுடுச்சு. உங்க ஊர்ல அந்தப் பெரிய மூணு உருண்டை பின் சாக்கெட்டுக்கு ரெண்டு பின் அடாப்டர் மாட்டித்தானே எல்லாரும் சொருகறீங்க? அதுலயும் எர்த் போகாது, பாத்துக்கோங்க. மலிவு இன்வெர்ட்டர்ல சார்ஜ் போட்டா டச்பேட்ல அம்புக்குறி தானா துள்றதும் பெரும்பாலும் இதே எர்த் கோளாறுதான்.

சாண்டன்_கார்பன்

எல்லாரும் டி480, டி480ங்கறீங்க. தலைப்புல திங்க்பேட்னு பாத்துட்டு உயர்தர மெஷின் பத்தின்னு வந்தேன். நான் வெச்சிருக்கறது திங்க்பேட் எக்ஸ்1 கார்பன். எடை கம்மி, ஸ்க்ரீன் அழகு, பைல இருக்கறதே தெரியாது. மாடிஃபிகேஷன்னு பண்ண ஒண்ணும் இல்ல, எஸ்எஸ்டி மாத்தலாம், ரேம் போர்டுலயே சால்டர் பண்ணினது. நான் பண்ணினது ஒரே விஷயம், கீபோர்ட் நடுவுல அம்புக்குறியை நகர்த்தறதுக்கு இருக்கற சிவப்புத் தொப்பி. பழைய மாடல் தொப்பி பிடிச்சிருந்துச்சு, ஆனா அது உயரம், மூடும்போது ஸ்க்ரீன்ல இடிச்சு தழும்பு விழும், அதனால குட்டை வகையாப் பாத்து வாங்கணும். சொரசொரப்பா இருக்கற ஒண்ணு போட்டேன், அதுக்கப்புறம் மவுஸ் தொடறதே இல்ல. அம்புக்குறி தானா நகர ஆரம்பிச்சா அதோட மல்லுக்கட்டாம விரலை எடுத்துடுங்க, தானா சரி பண்ணிக்கும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்_ஸ்க்ரூடிரைவர்

கார்பன் ப்ரோ, டி480ல ரெண்டு ரேம் ஸ்லாட், அதிகாரபூர்வமா 32 ஜிபி, 64 போட்டும் ஓட்டறாங்க. ஒரு மெஷினை வாங்கினவன் கையாலயே தொறந்து சரி பண்ண முடியுதுன்னா எனக்கு அதுதான் உசத்தி.

எனக்கு உறுத்தறது ஒரு ரிப்பேர் கடை. என்னோடது 1366க்கு 768 ஸ்க்ரீனோட வந்த மெஷின், பக்கவாட்டுல இருந்து பாத்தா நிறமே மாறும். 1920க்கு 1080 ஐபிஎஸ் பேனல் வாங்கிக் குடுத்தேன், அதுக்கு அதே 30 பின் கேபிள் போதும். கடைக்காரர் என் கண் முன்னாடியே, மெஷின் ஸ்லீப்ல இருக்கு, பின் பேட்டரியை மட்டும் கழட்டிட்டு ஸ்க்ரீன் கேபிளைப் புடுங்கினார். "அண்ணா, உள்ள இன்னொரு பேட்டரி இருக்கு"ன்னு நான் சொல்றதுக்குள்ள கேபிள் வெளிய வந்துடுச்சு. அவர் நிமிர்ந்து கூட பாக்கல. புது பேனல் எரியவே இல்ல. போர்டுல ஃப்யூஸ் போயிடுச்சு, வேற ஒருத்தர்கிட்ட குடுத்து அதை மாத்த வேண்டியதாப் போச்சு.

தொறக்கறவங்க எல்லாருக்கும்: பயாஸ்ல கான்ஃபிக், பவர், அங்க உள் பேட்டரியை முடக்கற ஆப்ஷன் இருக்கு. அதை அமுக்கினா மெஷின் அணைஞ்சுடும், திரும்ப சார்ஜர் சொருகற வரைக்கும் உயிர் வராது. அதுக்கு அப்புறம்தான் ஸ்க்ரூ. அடி மூடி ஸ்க்ரூ எல்லாம் மூடியோடயே நிக்கும், முழுசா வெளிய வராது, வரலயேன்னு நெம்பாதீங்க. ஓரத்துல இருக்கற கிளிப்பை மெல்லிசான பிளாஸ்டிக் அட்டையால ஒவ்வொண்ணா விடுங்க. டபிள்யூகியூஎச்டி (2560க்கு 1440) பேனல் ஆசைப்பட்டா 40 பின் கேபிளும் சேர்த்து வாங்கணும். கிளாஸ் டச்பேட் மாத்தறவங்க இருக்காங்க, எக்ஸ்1 எக்ஸ்ட்ரீம்ல வர்றது பொருந்தும். நானும் போட்டிருக்கேன், விரல் வழுக்கிட்டுப் போகுது, இந்த மெஷினுக்கு பண்ணினதுலயே நல்ல வேலை அதுதான். பழைய திங்க்பேட் எக்ஸ்230ல எக்ஸ்220 கீபோர்ட் போடற மாதிரி பின் மறைச்சு, ஃபர்ம்வேர் மாத்தி அல்லாட வேண்டியதில்ல.

ஃபேன் பத்தியும் ஒண்ணு. டர்பன்ல அமைதியா இருந்த மெஷின் ஜோபர்க் (ஜோஹன்னஸ்பர்க்) போனதும் இரையுதுன்னு நெறைய பேர் சொல்றாங்க. ஜோபர்க் சுமார் 1,750 மீட்டர் உயரம், காத்தோட அடர்த்தி கடலோரத்தைவிட ஆறுல ஒரு பங்கு கம்மி, அதே ஃபேன் அதே வேகத்துல சுத்தினாலும் சூடு கம்மியாத்தான் வெளியேறும். குளிர்காலத்து வறண்ட தூசி வேற. சிப் சூட்டைக் கடத்தற பேஸ்டை மாத்தறதுன்னா அதுக்குப் பதிலா பிடிஎம்7950ங்கற ஷீட் பாருங்க, சாதாரண பேஸ்ட் மாதிரி சீக்கிரம் காஞ்சு போகாது.

சாட்ஸ்வர்த்_தமிழ்வகுப்பு

ரியூனியன் தம்பி, இங்க கடைல கிடைக்கல, ஊருக்குப் போன ஒருத்தர் சென்னைல இருந்து வாங்கிட்டு வந்தார். உங்களுக்கு வேணும்னா அஸெர்ட்டி எந்த கீ எந்த எழுத்துன்னு ஒரு படம் போட்டுத் தரேன், வகுப்புல ஒட்டி வைங்க. பொண்ணை மூணு பின் போட்ட அப்புறம் ஒரு தடவை தொட்டுப் பாக்கச் சொல்லுங்க, நீங்க முதல்ல கை வெச்சுக் காட்டுங்க.

ரேண்ட்பர்க்_பொறியாளர்

மிட்ராண்ட் தம்பி கேட்ட கேள்விக்கு யாருமே பதில் சொல்லலயே. ஓடும்போதே மாத்தற பேட்டரி இன்னும் இருக்கு, ஆனா பெரும்பாலும் ரக்கெட்னு சொல்ற முரட்டு லேப்டாப்லதான்: பானசோனிக் டஃப்புக் 55ல ரெண்டாவது பேட்டரி போட்டா மாத்தலாம், டெல் லாட்டிட்யூட் 5430 ரக்கெட்ல ரெண்டு பேட்டரி ஸ்லாட். கனம் ஜாஸ்தி, விலையும் ஜாஸ்தி. திங்க்பேட் டி வரிசைல 14 இன்ச்ல டி480தான் கடைசி, டி490ல எடுத்துட்டாங்க.

மிட்ராண்ட்_நைட்ஷிஃப்ட்

நன்றி அண்ணா. ரக்கெட் எனக்கு வேண்டாம், தூக்கிட்டு அலைய முடியாது. என்னோட டி480ல 8ஆம் தலைமுறை சிப் இருக்கறதால விண்டோஸ் 11 முறையாவே ஏறுது, டி470ல ஏறாது, அந்த ஒரு நிம்மதி இருக்கு. ஸ்பேரை இன்னிக்கே 50%க்கு இறக்கி வெச்சுட்டேன். டர்பன் பக்கம் யார்கிட்டயாவது டூப்ளிகேட் இல்லாத 48 இல்லன்னா 72 இருந்தா, பேட்டரி ரிப்போர்ட்ல டிசைன் கெபாசிட்டியும் ஃபுல் சார்ஜ் கெபாசிட்டியும் தெரியற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போடுங்க, பொங்கலுக்கு அந்தப் பக்கம் வரும்போது நேர்ல வந்து வாங்கிக்கறேன்.