ஆய்வின் நடுவே மாதிரி அளவை உயர்த்தலாமா?

கேள்வி:
பெங்களூரு ஜெயநகரில் நடக்கும் ஓர் இரத்த அழுத்த மருந்தாய்வுக்குப் புள்ளியியல் பணி பார்க்கிறேன். இரு மருந்துப் பிரிவுகளுக்கிடையே வேறுபாடு 5 மி.மீ. (பாதரசம்), திட்டவிலக்கம் (அளவீடுகளின் சிதறல்) 10 எனக் கொண்டு, 80 விழுக்காடு திறனுக்கு (அந்த வேறுபாடு உண்மையில் இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) பிரிவுக்கு 63 பேர் என்று கணக்கிட்டிருந்தோம். பாதிப் பேர் முடித்திருக்கும் நிலையில், யாருக்கு எந்த மருந்து என்று பிரிக்காமல் பார்த்தபோதே விலக்கம் 12 வருகிறது. இப்போது எண்ணிக்கையைக் கூட்டினால் முடிவின் நம்பகம் கெடுமா?

பதில் 1:
கெடாது, ஏனெனில் நீங்கள் பிரிவு அறியாமல் பார்த்திருக்கிறீர்கள். அந்த நிலையில் முதல்வகைப் பிழை, அதாவது இல்லாத பலனை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு, ஏறக்குறைய 5 விழுக்காட்டிலேயே நிற்கும். விலக்கத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப எண்ணிக்கை வளர்வதால், பிரிவுக்கு 91 பேர் தேவைப்படும். மருந்தின் பலனைப் பார்த்துவிட்டுக் கூட்டியிருந்தால் கதையே வேறு: அதைத் தனியான தரவுக் கண்காணிப்புக் குழுதான் பார்க்க வேண்டும், முன்பே எழுதிவைத்த விதிப்படி, இடைப் பார்வைக்கு முன்னும் பின்னுமான இரு கட்டங்களின் முடிவுகளுக்கும் முன்னமே நிர்ணயித்த எடைகளை (பங்குகளை) கொண்டு சோதனை செய்ய வேண்டும்.

பதில் 2:
மேலே சொன்னதில் ஒரு சிறு திருத்தம். பிரிக்காத தரவின் மாறுபாட்டில் மருந்து வேறுபாடும் கலந்திருக்கிறது, 5 மி.மீ. வேறுபாடு உண்மையானால், விலக்கம் 12-இன் வர்க்கமான 144-இலிருந்து, வேறுபாடு 5-இன் வர்க்கத்தில் கால்பங்கான 6.25-ஐக் கழிக்க வேண்டும், அப்போது 87 பேர் போதும். ஆனால் நான் 91-ஐயே எடுப்பேன், இடையில் விலகுவோர் எப்படியும் இருப்பார்கள். திருத்திய ஆய்வுத் திட்டத்துக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கிடைக்கும்வரை முதலில் திட்டமிட்ட 126 பேருக்கு (63 × 2) மேல் 127-ஆவது நபரைச் சேர்க்காதீர்கள்.