துபாய்க்குப் போகும் அம்மாவின் பை: கசகசா வேண்டுமா, வேண்டாமா?

மேலூரான்:
அக்காவுக்குத் துபாயில் இன்னும் இரண்டு மாதத்தில் பிரசவம். அம்மா முதல்முறையாக விமானம் ஏறப் போகிறார். விசா இனிமேல்தான் எடுக்க வேண்டும். பை மட்டும் ஒரு வாரமாக நிரம்பிக்கொண்டே இருக்கிறது. சுக்கு, திப்பிலி, கருப்பட்டி, பூண்டு லேகியம், நான்கு மூடி கொப்பரை, பிள்ளை பெற்றவளுக்குத் தூக்கம் வரப் பாலில் அரைத்துக் கொடுக்க அரைக் கிலோ கசகசா. கசகசாவை எடுத்துவிடுங்கள் என்றால், "உன்னைப் பெற்றபோது நான் குடித்ததுதான்" என்கிறார். நீங்கள் சொல்லுங்கள்.

கீழமாசி வீதி மளிகை:
அம்மா பக்கம்தான் நான். எத்தனையோ பேர் என் கடையில் பிள்ளை பெற்றவளுக்கான மருந்துச் சாமான் பொட்டலம் கட்டிக்கொண்டு வளைகுடாவுக்குப் போயிருக்கிறார்கள். மாட்டிக்கொண்டேன் என்று ஒருவர்கூடக் கடைக்கு வந்து சொன்னதில்லை.

உசிலம்பட்டி ஓட்டுநர்:
மாட்டியவர் எப்படி அண்ணாச்சி வந்து சொல்வார்? உள்ளே அல்லவா இருப்பார்!
பதினொரு வருடம் ஷார்ஜாவில் வண்டி ஓட்டியவன் சொல்கிறேன். கசகசா என்பது அபின் செடியின் விதை. காயில் வடியும் பாலில் மார்பின் என்ற போதைப் பொருள் இருக்கிறது. அதன் துளி விதையின்மேலும் ஒட்டியிருக்கும். நமக்கு அது குருமாச் சாமான். அமீரகத்தில் தடை செய்யப்பட்ட பொருள். சிங்கப்பூரிலும் அப்படித்தான். "தெரியாமல் கொண்டுவந்துவிட்டேன்" என்று அம்மா எந்த மொழியில் சொல்வார்?

கீழமாசி வீதி மளிகை:
சரி, கசகசா வேண்டாம். குருமாப் பொடியில் அரைத்துக் கலந்திருந்தால் எவர் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்?

உசிலம்பட்டி ஓட்டுநர்:
பிரித்துப் பார்க்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் என் தாயை நான் அனுப்ப மாட்டேன். பொடியும் வேண்டாம். சுக்கும் திப்பிலியும் அங்கேயே நம்மவர் கடைகளில் கிடைக்கின்றன.

கீழமாசி வீதி மளிகை:
கிடைக்கும், கிடைக்கும். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிற பாட்டி கையை வீசிக்கொண்டு போவாரா? நீங்கள் சொல்வது சட்டம், நான் சொல்வது வீட்டு வழக்கம்.

திருநகர் மருந்தாளுநர்:
இருவரும் கொஞ்சம் மூச்சு வாங்குங்கள். சுக்கு, திப்பிலி, கருப்பட்டி போகட்டும். வீட்டில் கிண்டிய லேகியத்தைத்தான் யோசிக்கிறேன். பெயரில்லாத டப்பாவில் கறுப்பாக ஏதோ இருந்தால் அதிகாரி கேட்கத்தான் செய்வார். கொப்பரையை விமானத்திலேயே ஏற்ற விடமாட்டார்கள். எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கும் என்று 2022-லிருந்து தடை.
பையைவிட அம்மாவின் மாத்திரை டப்பாவைத்தான் முதலில் பாருங்கள். தூக்க மாத்திரை, டிரமடால் சேர்ந்த வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து ஏதாவது இருந்தால் அமீரக அரசிடம் இணையத்தில் முன்அனுமதி வாங்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளுக்கு, மருந்தின் மூலப்பெயர் ஆங்கிலத்தில் எழுதிய மருத்துவர் சீட்டு கைப்பையில் இருக்கட்டும்.

குன்றத்துக்காரன்:
எல்லோரும் பையையே கிளறுகிறீர்கள். தம்பி, பாஸ்போர்ட்டில் அம்மாவின் பெயர் எப்படி இருக்கிறது?

மேலூரான்:
மீனாட்சி.

குன்றத்துக்காரன்:
அவ்வளவுதானா? குடும்பப் பெயர் என்ற இடத்தில்?

மேலூரான்:
காலி.

குன்றத்துக்காரன்:
நினைத்தேன். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருகிறவர்களை அமீரகம் 2022 நவம்பர் முதல் ஏற்பதில்லை. மதுரைப் பெருங்குடி விமான நிலையத்திலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கசகசாவுக்கு வேலையே இருக்காது.

கீழமாசி வீதி மளிகை:
இதை நான் நம்பமாட்டேன். என் மைத்துனர் ஒற்றைப் பெயரோடுதான் வருடா வருடம் போய் வருகிறார்.

குன்றத்துக்காரன்:
அவர் வேலை விசாவில் அங்கேயே குடியிருப்பவராக இருப்பார், அண்ணாச்சி. இந்தக் கட்டுப்பாடு விசிட், சுற்றுலா விசாக்காரர்களுக்கு. இனிஷியலும் உதவாது, பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். குடும்பப் பெயரைச் சேர்த்து மறுவெளியீட்டுக்கு விண்ணப்பியுங்கள். 36 பக்கத்துக்கு 1500 ரூபாய். புதுப் புத்தகம் கைக்கு வரும்வரை விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் பணம் கட்டாதீர்கள். மூன்றிலும் ஓர் எழுத்துகூட மாறக் கூடாது.

கீழமாசி வீதி மளிகை:
வேலை விசாதான். இப்போதுதான் கேட்டேன். ஆனாலும் கருப்பட்டி போகலாம் என்பதில் எனக்கு மாற்றமில்லை.

மேலூரான்:
பாஸ்போர்ட் சேவை மையத்தில் வியாழக்கிழமைக்கு நேரம் கிடைத்திருக்கிறது. கசகசா அடுக்களைக்குத் திரும்பிவிட்டது, கொப்பரை துவையலாகிவிட்டது. குடும்பப் பெயராக அப்பாவின் பெயரைப் போடலாம் என்றேன். "நாற்பது வருடமாக வாயால்கூடச் சொன்னதில்லை, அதை அங்கே போய் எழுதிக் கொடுக்கச் சொல்கிறாயா" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்.