புரதத்தில் இரு புள்ளிகளின் தூரம்: எலக்ட்ரான் தற்சுழற்சி ஒத்ததிர்வு அளவீட்டில் ஓர் ஐயம்

கேள்வி (ஆய்வு மாணவி, நாகமலை):
ஐயா, வணக்கம். புரதத்தின் இரண்டு சிஸ்டீன் அமினோ அமிலங்களில், இணைசேரா எலக்ட்ரான் கொண்ட சிறு மூலக்கூறுகளான நைட்ராக்சைடு அடையாளங்களைப் பொருத்தி, 50 கெல்வினில் நுண்ணலைத் துடிப்பு முறையில் அளந்தபோது 4 நானோமீட்டர் கிடைத்தது. படிக அமைப்பிலோ அந்தச் சிஸ்டீன்களின் ஆல்பா கார்பன்களுக்கிடையே (முதன்மைச் சங்கிலியில் உள்ளவை) 3.2 நானோமீட்டர் தான் உள்ளது. எதை நம்புவது?

மறுமொழி (திருமங்கலம்):
இரண்டையுமே நம்பலாம், அம்மா. நீங்கள் அளந்தது இணைசேரா எலக்ட்ரான்களின் இடைவெளியை. அவை வளையக்கூடிய பக்கச் சங்கிலியின் நுனியில், புரதத்தின் முதன்மைச் சங்கிலியிலிருந்து அரை நானோமீட்டருக்கு மேல் தள்ளி நிற்கின்றன. மல்லிகைச் சரத்தில் நாரின் முடிச்சுகளை விட்டுவிட்டு மொட்டு நுனிகளை அளப்பது போன்றதுதான் இது. அடையாளத்தின் சாத்தியமான நிலைகளைக் கணினியில் உருவாக்கி, அவற்றோடு ஒப்பிடுங்கள்.

மறுமொழி (மேலூர்):
தடத்தின், அதாவது எலக்ட்ரான்கள் திருப்பித் தரும் எதிரொலிச் சமிக்ஞை நேரத்தோடு மாறுவதைக் காட்டும் பதிவின், நீளத்தையும் பாருங்கள். 52 மெகாஹெர்ட்ஸை நானோமீட்டரில் சொன்ன தூரத்தின் மும்மடியால் வகுத்தால் இருமுனை அதிர்வெண் (இரு எலக்ட்ரான்களின் காந்த இடைவினையால் அந்தத் தடத்தில் எழும் அலையின் அதிர்வெண்) கிடைக்கும் என்பதால், 2 நானோமீட்டருக்கு 6.5 மெகாஹெர்ட்ஸாக இருப்பது 4 நானோமீட்டருக்கு 0.81 ஆகிவிடுகிறது, ஓர் அலை முழுமையாகப் பதியவே 1.2 மைக்ரோவினாடி வேண்டும். உறையவைக்கும் முன், பனிப்படிகம் உருவாகாதிருக்க, கிளிசரால் சேர்த்தீர்களா?

கேள்வி கேட்டவர்:
சேர்த்தேன், ஐயா. ஆனால் என் தடம் 1 மைக்ரோவினாடியோடு நின்றுவிட்டது.

மறுமொழி (மேலூர்):
அப்படியானால் அந்த 4 என்பதே இன்னும் உறுதியில்லை. கனநீரிலும் டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய கிளிசராலிலும் மாதிரியைத் தயாரித்தால் எதிரொலி மெதுவாகத் தேயும். 3 மைக்ரோவினாடி வரையாவது பதிந்துவிட்டு எழுதுங்கள்.