புதுக்கோட்டை வரலாற்று நடை: மூன்றாவது மாதமே ஆள் இல்லை, நிறுத்திவிடலாமா?

மேலமூன்றாம்வீதி

எல்லோருக்கும் வணக்கம். மாதம் ஒரு ஞாயிறு பக்கத்து ஊர்களுக்குப் போய் வரலாறு பார்ப்பது என்று நாங்கள் நாலு பேர் சேர்ந்து தையில் ஆரம்பித்தோம். முதல் நடை சித்தன்னவாசல், 43 பேர் வந்தார்கள், வேன் பத்தவில்லை. இரண்டாவது குடுமியான்மலை, 19 பேர். மூன்றாவது நார்த்தாமலை, எங்கள் நால்வரையும் சேர்த்து ஆறு பேர். மீதி இரண்டில் ஒருவர் என் மச்சான், வீட்டில் சொல்லிவிட்டார்களே என்று வந்தவர்.

எங்கே தப்பு என்று ஓரளவு தெரிகிறது. குடுமியான்மலையில் பேச வந்த பெரியவர் நல்ல படிப்பாளி, ஆனால் சுரங்களைப் பாறையில் வெட்டி வைத்திருக்கிற இசைக் கல்வெட்டுக்கு முன்னால் நின்று ஒன்றே முக்கால் மணி நேரம் பேசினார், பிள்ளைகள் பாறையில் சறுக்கு விளையாடப் போய்விட்டார்கள், பின்னால் நின்றவர்கள் போனை எடுத்துவிட்டார்கள். நார்த்தாமலைக்கு நாங்கள் கிளம்பியதே எட்டரை. பங்குனி வெயிலில் அந்தப் பாறை எப்படிச் சுடும் என்று போனவர்களுக்குத் தெரியும், விஜயாலய சோழீச்சரத்து வாசலுக்கு வெறுங்காலோடு ஓடியே போனோம். மறுநாள் வாட்ஸ்அப் குழுவில், அந்தக் கோயிலைக் கட்டியது எங்கள் ஆள், உங்கள் ஆள் இல்லை என்று சாதிச் சண்டை. 14 பேர் வெளியேறிவிட்டார்கள். இப்போது குழுவில் காலை வணக்கம் படம் மட்டும் தவறாமல் வருகிறது.

நடத்திப் பழகியவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

மைப்படி

நிறுத்தாதீர்கள் தம்பி. ஆறு பேர் மோசமில்லை, 43தான் மோசம். சித்தன்னவாசல் குடைவரைக்குள் அத்தனை பேரை எப்படி நிறுத்தினீர்கள்? விதானத்தில் இருக்கிற தாமரைக் குளம், மீன், யானை, எருமை, பூப்பறிக்கிற ஆள் எல்லாம் கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிய பிறகு ஒவ்வொன்றாகத்தான் தெரியவரும். ஆளுக்கு ஐந்து நிமிடமாவது அண்ணாந்து பார்க்க வேண்டாமா?

அப்புறம் நேரம். வெயிலுக்காக மட்டும் சொல்லவில்லை. காலை ஆறரை, ஏழு மணி வெயில் கல்லின் மேல் சாய்வாக விழும்போது வெட்டின பள்ளத்தில் நிழல் நிற்கும், எழுத்து தெரியும். பத்து மணிக்குப் போனால் அதே இடம் வெறும் பாறை. நிழலில் இருக்கிற கல்வெட்டு என்றால் டார்ச்சை எதிரே நின்று அடிக்காமல் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள், எழுத்து எழும்பி நிற்கும். சுண்ணாம்பு, மாவு, விபூதி என்று எதையாவது தடவிப் படிக்கலாம் என்று ஒருவர் கட்டாயம் வருவார். கையைப் பிடித்துத் தடுங்கள். நானே இளவயதில் செய்திருக்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

சாதிச் சண்டைக்கு மருந்து அங்கேயே கல்லில் இருக்கிறது. கோயிலுக்கு நாம் சொல்வது சோழன் பெயர். கல்வெட்டு சொல்வது வேறு: சாத்தன் பூதி என்கிற இளங்கோவதியரையர் எடுப்பித்த கற்றளி, அதாவது கற்கோயில், மழையில் இடிந்துபோக, மல்லன் விடுமன் என்பவர் அதைப் புதுப்பித்தார். யார் எந்தச் சாதி என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லப் போகாதீர்கள். வந்தவர்களையே எழுத்துக் கூட்டிப் படிக்க வையுங்கள். ஒரு வரிக்கு முக்கால் மணி நேரம் ஆகும், அதற்கு மேல் யாருக்கும் சண்டை போடத் தெம்பிருக்காது.

அப்பாயிவீட்டுப்பேத்தி

சித்தன்னவாசலுக்கு வந்த 43 பேரில் நானும் ஒருத்தி. ஏன் மறுபடி வரவில்லை என்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணா. கழிப்பறை எங்கே இருக்கிறது என்று உங்கள் நாலு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. நாங்கள் ஐந்து பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே சுற்றினோம். அறிவிப்பில் நேரம், இடத்தோடு இதற்கும் ஒரு வரி போடுங்கள், கூட்டம் தானாக வரும்.

நல்லதும் நடந்தது. கருவறைக்குள் உங்களில் ஒருவர் எல்லோரையும் வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகச் சொன்னாரே, சுவர் முழுக்க அதிர்ந்ததே, என் மகன் இன்றைக்கும் குளியலறையில் அதைச் செய்து பார்க்கிறான். ஏழடிப்பட்டத்தில், அதுதான் சமண முனிவர்கள் தங்கிய மலைக் குகையில், 17 கல் படுக்கைகளையும் எண்ணினான், ஒன்றில் படுக்கவும் பார்த்தான், நான்தான் இழுத்துப் பிடித்தேன். அங்கே கல்வெட்டில் படித்துக்காட்டிய 'சிறுபோசில் இளயர் செய்த அதிட்டானம்' (அதிட்டானம் என்றால் அந்தப் படுக்கைதான்) அவனுக்கு மனப்பாடம். "இளயர்னா சின்னப் பசங்களா?" என்று அங்கேயே கேட்டான். யாரும் பதில் சொல்லவில்லை, அடுத்த இடத்துக்கு நேரமாகிவிட்டது என்று விசில் ஊதிவிட்டார்கள்.

எதற்கு ஒவ்வொரு தடவையும் வேன்? நம் ஊருக்குள்ளேயே நடக்கலாமே. பல்லவன் குளம், சாந்தநாதர் கோயில், கட்டம் போட்ட மாதிரி ராஜ வீதி, இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி என்று போகிற தெருக்கள், திருக்கோகர்ணத்தில் 1910-இலிருந்து இருக்கிற மியூசியம். என் அப்பாயி சுருக்குப்பையில் ஒரு அம்மன் காசு, நம் புதுக்கோட்டை சமஸ்தானத்துக் காசு, வைத்திருந்தார். சட்டைப் பித்தான் அளவுதான் இருக்கும், ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. நவராத்திரிக்கு அரண்மனையில் அரிசியோடு அந்தக் காசும் கொடுப்பார்களாம். அதைக் கையில் வாங்கிப் பார்த்தாலே நம் ஊரை ஆண்ட தொண்டைமான் ராஜாக்கள் கதை பாதி வந்துவிடும்.

மாம்பலம்வாசி

அக்கா சொன்னதை வழிமொழிகிறேன். 1639 ஆகஸ்ட் 22-ஐப் பிறந்தநாளாக வைத்துச் சென்னையில் 2004-இல் ஆரம்பித்த மெட்ராஸ் டே இத்தனை வருடம் நிற்பதற்குக் காரணமே, அதை ஒரே அமைப்பு கையில் வைத்துக்கொள்ளாததுதான். அவரவர் தெருவில் அவரவர் நடை. மதுரைப் பக்கம் பசுமை நடை என்கிற குழுவினர் 2010-இலிருந்து மலை மலையாகப் போகிறார்கள், யானைமலையைக் குடைந்து சிற்ப நகரம் ஆக்கப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்த சமயத்தில் பிறந்தது அது. அங்கே எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து காலைச் சாப்பாடு சாப்பிடுவார்கள், பாதிப் பேர் அதற்கே வருகிறார்கள் என்பது என் சந்தேகம். தப்பே இல்லை.

குடுமியான்மலையில் மகேந்திரவர்மன் கல்வெட்டை ஒன்றே முக்கால் மணி நேரம் கேட்டவர்களுக்கு மட்டும் என் அனுதாபம்.

மைப்படி

மகேந்திரவர்மன் என்ற பெயர் அதில் எங்கும் இல்லை சார். உருத்திராசாரியரின் மாணவனான, பரம மாகேசுவரனான, அதாவது சிவபக்தனான, ஓர் அரசன் என்றுதான் இருக்கிறது. மகேந்திரன் என்பது பின்னால் வந்தவர்களின் ஊகம், இன்னும் முடிவாகவில்லை. பிறகு, அது பேசிக் காட்டுகிற கல்வெட்டும் இல்லை. ஏழு பகுதி, நாலு நாலு எழுத்தாகச் சுரங்கள், ஒவ்வொரு சுரமும் ர, ரி, ரு, ரெ என்று உயிர் மாறி மாறி வரும். பக்கத்து ஊரில் நாகசுர வித்வான் யாராவது இருந்தால் கூட்டிப்போய் அதைச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். இருபது நிமிடம் போதும்.

மேலமூன்றாம்வீதி

எல்லோருக்கும் நன்றி. கழிப்பறை விஷயம் படித்துவிட்டு என் மனைவி இரண்டு நாளாகச் சிரிக்கிறாள், அவளும் அந்த ஐந்து பேரில் ஒருத்தியாம், என்னிடம் சொல்லவே இல்லை.

முடிவு இதுதான். சித்திரையில் மலைப் பக்கமே போவதில்லை. இரண்டாவது ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்குப் பல்லவன் குளத்துப் படியில் கூடுகிறோம், அதிகபட்சம் 15 பேர், எட்டு மணிக்குள் வீடு. யாரும் தொடர்ந்து பத்து நிமிடத்துக்கு மேல் பேசக்கூடாது, நானும்தான். கடைசியில் எங்கள் வீட்டு மாடியில் இட்லி. தங்கச்சி, அப்பாயியின் காசு இன்னும் இருந்தால் எடுத்து வர முடியுமா? பையனையும் கூட்டி வாருங்கள், 'இளயர்' யார் என்று மைப்படி அய்யாவிடமே கேட்கட்டும்.

அப்பாயிவீட்டுப்பேத்தி

காசு சித்தப்பா வீட்டில் இருக்கிறது, கேட்டு வாங்கி வருகிறேன். இட்லிக்குக் கெட்டிச் சட்னி போதும் அண்ணா, சாம்பார் வேண்டாம். சித்தன்னவாசலுக்குத் தூக்கில் கொண்டு வந்தீர்களே, வேன் சீட்டில் கொட்டி என் புடவையெல்லாம் மஞ்சள்.